செப்புக் கம்பியின் கணக்கு

தொண்டை மண்டலத்தின் இருபத்து நான்கு கோட்டங்களுள் மணவிற்கோட்டமும் ஒன்று. அதன் தலைமையூராக விளங்கிய மணவில் இன்றைய மணவூர் என்பர். திருத்தணி மலைக்குத் தென்கிழக்கே, காரைக்காலம்மையார் புகழ்பாடிய திருவாலங்காட்டுக்கு அண்மையில், சென்னைக்கும் அரக்கோணத்துக்கும் இடைப்பட்ட இருப்புப் பாதையின் ஓரத்தில் அது இன்று ஒரு சிற்றூர். ஆயினும் முதற் குலோத்துங்கன், விக்கிரம சோழன் ஆகிய இருவர் காலத்தும் படைத்தலைவனாய் விளங்கிய நரலோகவீரன் ‘மணவில் கூத்தன் காலிங்கராயன்’ என்றே கல்வெட்டுகளில் பேசப்படுகிறான். தில்லையிலும் திருவதிகையிலும் அவன் செய்த திருப்பணிகளை வெண்பாக்களாலேயே பொறித்து வைத்திருக்கின்றனர். போர்த்தலைவன் ஒருவனுடைய அறச்செயல்கள் வெண்பா யாப்பில் கல்லேறிய அருமை, பாவலர் கூடும் அவைகளில் இன்னும் மிகுதியாகப் பேசப்பட வேண்டிய ஒன்று.

அத்திருப்பணிகளுள் ஒன்று இக்கட்டுரைப் பொருளுக்கு மிக நெருக்கமானது. மூவர் பாடிய தேவாரப் பதிகங்களை நரலோகவீரன் செப்பேடுகளில் எழுதுவித்துத் தில்லையில் வைத்தான். ஓலை செல்லரிக்கும்; செம்பு செல்லரிக்காது. மணவூருக்கு அண்டையிலேயே இதற்கு இன்னொரு சான்றுண்டு. பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு இறையிலியாக அளித்த முதலாம் இராசேந்திரனின் ஆணை, 31 செப்பேடுகளில் பொறிக்கப்பெற்று ஏறத்தாழ ஒன்பது நூற்றாண்டுகளைக் கடந்து 1905-ஆம் ஆண்டளவில் வெளிப்பட்டது. சொல்லைக் காக்கும் உலோகம் என்னும் பெருமையே அன்று செம்புக்கு இருந்தது. அதே உலோகம் ஆற்றலையும் சுமந்து செல்லும் என்பதும், எவ்வளவு சுமக்கும், வழியில் எவ்வளவு சிந்தும் என்பதை ஒரு பெருக்கலாலும் ஒரு வகுத்தலாலும் சொல்லிவிடலாம் என்பதும் தெரியவர மேலும் பல நூற்றாண்டுகள் செல்ல வேண்டியிருந்தது.

ஒளியைக் கணக்கிடும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகள் ஒரு நந்தா விளக்கு அணையாது எரிய 96 ஆடுகள், அல்லது 48 பசுக்கள், அல்லது 16 எருமைகள் எனத் திட்டம் வகுத்திருக்கின்றன. இவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ‘சாவா மூவாப் பேராடு’ என்ற தொடரே கணக்கின் நுட்பத்தைக் காட்டும். ஆடு சாகலாம், மூக்கலாம். ஆனால் எண்ணிக்கை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. ஆறு ஆடு ஓர் எருமைக்கு ஈடு, இரண்டு ஆடு ஒரு பசுவுக்கு ஈடு என்ற மாற்று வாய்பாடும் அதனுள்ளே அடங்கியிருக்கிறது.

பிற்கால வழக்குப்படி ஓர் உழக்கை 336 மில்லிலிட்டர் எனக் கொண்டால், அந்நெய்யின் எடை ஏறத்தாழ 306 கிராம். ஒரு கிராம் நெய் எரியும்போது ஏறத்தாழ 37,600 ஜூல் வெப்பம் வெளிப்படும். ஆகவே ஒரு நாளைக்கு ஒரு கோடியே பதினைந்து இலட்சம் ஜூல். ஒரு நாளின் 86,400 நொடிகளால் இதனை வகுத்தால் நொடிக்கு 133 ஜூல் கிடைக்கும். நொடிக்கு ஒரு ஜூல் என்பதே ஒரு வாட். எனவே நந்தா விளக்கு ஒன்று இன்றைய அளவையில் ஏறத்தாழ 130 வாட் திறனுடையது. அதில் பெரும்பகுதி வெப்பமாய்ப் போக, ஒளியாவது மிகச் சிறுபகுதியே. 96 ஆடுகளுக்கும் இதைப் பங்கிட்டால் ஆடொன்றுக்கு 1.4 வாட் விழும். ஒரு குதிரைத்திறன் 746 வாட் என்பர். ஓர் ‘ஆட்டுத்திறன்’ எவ்வளவென்று எவரும் கேட்காததால் இக்கணக்கு இதுவரை போடப்படாமல் இருந்திருக்கலாம்.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. சோழர் கணக்கு பொருளின் அளவைக் கூறியது. அப்பொருள் ஒவ்வொரு நொடியும் செலவாகும் விரைவை அது தனியே பெயரிடவில்லை. மின்னியலில் திறன் என்பது அந்த விரைவேயாகும்.

கூலோனில் ஓர் ஆசிரியர்

செம்பின் இரண்டாம் பெருமையை அளந்து காட்டியவர் கியோர்க் சைமன் ஓம். 1789-ஆம் ஆண்டு செருமனியின் எர்லாங்கன் நகரில் பூட்டுத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தார். தந்தை தாமாகவே கணிதம் பயின்று மக்களுக்கும் பயிற்றுவித்தவர். மகனோ கூலோன் நகரப் பள்ளியொன்றில் கணிதமும் இயற்பியலும் கற்பித்துக்கொண்டே, பள்ளிக்கூடத்து ஆய்வறையில் கம்பிகளோடு காலங்கழித்தார். பூட்டுத் தொழிலாளியின் பட்டறையில் பழகிய கை, கருவிகளைத் தானே அமைத்துக்கொள்ளத் தயங்கவில்லை.

வோல்ட்டாவின் மின்கலம் 1800-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. மின்னோட்டம் காந்த ஊசியைத் திருப்பும் என்பதை ஓர்ஸ்டெட் 1820-இல் காட்டினார். ஆகவே ஓட்டத்தை அளக்க ஊசி இருந்தது. ஓட்டத்தை எழுப்பக் கலம் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையே வைக்கும் கம்பி நீள நீள ஓட்டம் எவ்வாறு குறைகிறது என்பதே ஓமின் கேள்வி. கேட்க எளிது. ஆனால் வோல்ட்டாவின் கலம் நிலையற்றது. இணைத்த சிறிது நேரத்திலேயே தளர்ந்துவிடும். 1825-இல் ஓம் வெளியிட்ட முதல் விதி அத்தளர்ச்சியால் பிழையாயிற்று. மடக்கை கலந்த ஒரு வாய்பாட்டை அவர் எழுதியிருந்தார். ஆய்விதழின் ஆசிரியராயிருந்த போகன்டார்ஃப், வெப்பமின் இரட்டையைப் பயன்படுத்திப் பார்க்குமாறு அறிவுறுத்தினார். இரு வேறு உலோகங்களின் இணைப்புகளில் ஒன்றைச் சூடாகவும் மற்றொன்றைக் குளிராகவும் வைத்தால் மின்னோட்டம் எழும் என்பது 1821-இல் சீபெக் கண்டது.

1826-இல் ஓம் அமைத்த கருவி எளிமையின் உச்சம் எனலாம். பிஸ்மத்தும் செம்பும் இணைந்த இரட்டை. ஓர் இணைப்பு கொதிநீரில், மற்றொன்று உருகும் பனிக்கட்டியில். நீர் கொதிக்கும் வரை, பனி உருகும் வரை, இரண்டின் வெப்பநிலையும் மாறா. எனவே மின்னை உந்தும் விசையும் மாறாது. அதனிடையே ஒரே பருமனுள்ள எட்டுச் செப்புக் கம்பிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்தார். மிகக் குறுகியது 2 அங்குலம். மிக நீண்டது 130 அங்குலம். மேலே ஒரு மெல்லிய தகட்டில் தொங்கிய காந்த ஊசி ஓட்டத்துக்கேற்பத் திரும்பும். அதைப் பழைய நிலைக்குக் கொணரத் தகட்டை எவ்வளவு முறுக்க வேண்டுமோ அவ்வளவே ஓட்டத்தின் அளவு.

கிடைத்த எண்களெல்லாம் ஒரே வாய்பாட்டில் அடங்கின. ஒரு மாறாத எண்ணை, கம்பியின் நீளமும் வேறொரு மாறாத எண்ணும் சேர்ந்த கூட்டுத்தொகையால் வகுத்தால் ஓட்டம் கிடைக்கும். மேலேயுள்ள எண் உந்தும் விசை. கீழே நீளத்தோடு சேரும் எண் கருவியின் ஏனைய பகுதிகளுக்குரிய தடை. அந்த இரண்டாம் எண்ணை அவர் தள்ளிவிடாமல் வைத்துக்கொண்டதில்தான் அவருடைய நேர்மையும் கூர்மையும் விளங்கும். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கம்பி மட்டுமன்று. அதை இணைத்த கருவியும் தடுக்கிறது. அளப்பவன் தன் கருவியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

1827-இல் இதனைக் கணித முறையில் விரித்து நூலாக்கினார். வெப்பம் ஒரு கோலின் வழியே பரவுவது பற்றி ஃபூரியே எழுதியிருந்த முறை அவருக்கு வழிகாட்டியது. நூலுக்கு வரவேற்பில்லை. இயற்கையைச் சிந்தனையாலேயே உணர வேண்டும், எண்ணிக் கொண்டிருத்தல் கூடாது என்ற மெய்யியல் போக்கு அன்று செருமானியக் கல்வி உலகில் மேலோங்கியிருந்தது. திறனாய்வாளர் சிலர் நூலைக் கடுமையாக மறுத்தனர். எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி கிட்டாமையால் ஓம் கூலோன் பணியையும் துறந்தார். 1833-இல் நியூரம்பர்க்கில் ஓர் இடம் கிடைக்கும்வரை சில ஆண்டுகள் வறுமையிற் கழிந்தன. 1841-இல் இலண்டன் ராயல் கழகம் காப்ளி பதக்கம் வழங்கிய பின்னரே சொந்த நாடு திரும்பிப் பார்த்தது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852-இல். அவர் இறந்தது 1854-இல். விருதுக்குப் பின் உள்ளூரில் மதிப்புப் பெறும் படைப்பாளரைத் தமிழுலகமும் அறியும்.

இவ்விதியை ஓமுக்கு அரை நூற்றாண்டு முன்னரே ஹென்றி காவெண்டிஷ் கண்டிருந்தார் என்பது வியப்பூட்டும் செய்தி. ஊசியும் அளவியும் இல்லாத காலத்தில் அவர் தம் உடலையே கருவியாக்கினார். உப்புநீர் நிரம்பிய கண்ணாடிக் குழாய்கள் வழியே மின்னைச் செலுத்தி, தமக்கு ஏற்படும் அதிர்ச்சியின் வலிமையை ஒப்பிட்டுத் தடையை அளந்தார். ஆனால் வெளியிடவில்லை. மேக்ஸ்வெல் அவர் குறிப்பேடுகளைத் தொகுத்து 1879-இல் அச்சிட்டபோதுதான் உலகம் அறிந்தது. பரணில் கிடந்த ஏடு பதிப்பாசிரியர் ஒருவருக்காகக் காத்திருப்பது உ.வே.சாமிநாதையர் நாட்டில் விளக்க வேண்டிய ஒன்றன்று.

வெப்பத்தின் பக்கத்தை முடித்து வைத்தவர் மான்செஸ்டர் மதுவடிப்பாலைக் குடும்பத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜூல். கம்பியை நீரில் அமிழ்த்தி, நீர் சூடேறும் அளவைப் பார்த்து, ஓட்டத்தின் இருமடியைத் தடையால் பெருக்கினால் வெப்பம் தோன்றும் விரைவு கிடைக்கும் என்று 1841-இல் அறிவித்தார். ஓட்டம் இரட்டித்தால் வெப்பம் நான்கு மடங்கு. பின்வரும் வரலாறு முழுவதும் இந்த இருமடியின் விளைவே.

வோல்ட், ஆம்பியர், ஓம் ஆகிய அலகுப் பெயர்கள் 1881-இல் பாரிசில் கூடிய மின்னியல் மாநாட்டில் உறுதிப்பட்டன. வாட் என்னும் அலகை 1882-இல் வில்லியம் சீமென்ஸ் முன்மொழிந்தார். ஒரு வோல்ட் அழுத்தத்தில் ஒரு ஆம்பியர் ஓடினால் தடை ஒரு ஓம், திறன் ஒரு வாட். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை; அழுத்தத்தை ஓட்டத்தால் பெருக்கினால் திறன். 230 வோல்ட்டில் எரியும் 60 வாட் இழைவிளக்கில் 0.26 ஆம்பியர் ஓடும். அதன் தடை ஏறத்தாழ 880 ஓம். ஆனால் அணைந்து குளிர்ந்திருக்கும்போது அதே இழையின் தடை பத்தில் ஒரு பங்குக்கும் அருகே குறைந்துவிடும். வெப்பநிலை மாறாதவரை என்ற நிபந்தனையோடுதான் ஓமின் விதி நிற்கிறது.

மணவூர் வழியே செல்லும் கம்பி

இந்தியாவில் மின்கம்பி முதலில் விளக்குக்காக வரவில்லை; செய்திக்காக வந்தது. வில்லியம் ஓஷானசி என்ற மருத்துவர் 1839-இல் கல்கத்தாவில் 21 மைல் நீளக் கம்பியைக் கட்டித் தந்தி ஆய்வு நடத்தினார். 1851-இல் கல்கத்தாவுக்கும் டயமண்ட் துறைமுகத்துக்கும் இடையே தந்தி இயங்கியது. அவர் தொடக்கத்தில் கையாண்டவை மெல்லிய செப்புக் கம்பிகள் அல்ல. தடித்த இரும்புக் கோல்கள். குரங்கும் பெரும்பறவையும் அமர்ந்தாலும் அறாமல் நிற்க வேண்டும் என்பது ஒரு காரணம். ஓமின் கணக்கும் அதற்கு உடன்பட்டது. இரும்பின் தடையியல்பு செம்பினுடையதைப் போல் ஏறத்தாழ ஆறு மடங்கு; குறுக்குப் பரப்பை ஆறு மடங்காக்கினால் இரண்டும் சமமாகிவிடும். கோல் தடித்தால் குரங்குக்கும் தாங்கும், கணக்குக்கும் தாங்கும்.

தென்னிந்தியாவின் முதல் இருப்புப் பாதை 1856 சூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டை நோக்கித் திறக்கப்பட்டபோது மணவூர் எல்லை வழியே புகைவண்டி ஓடியது. அன்று தொட்டு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே நீராவியும் நிலக்கரியுமே ஆட்சி செய்தன. சென்னை நகரமோ 1895-லேயே மின்சார டிராம் வண்டியைக் கண்டது. 1931-இல் சென்னைக் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் வந்தது; அதற்கு 1,500 வோல்ட் நேர்மின்னோட்டம். பின்னர் 1960-களில் அப்பாதை 25,000 வோல்ட் மாறுமின்னோட்டத்துக்கு மாற்றப்பட்டது. மேற்குப் பாதையில் மின்கம்பி 1979-இல் திருவள்ளூர் வரையும், 1982-இல் அரக்கோணம் வரையும் நீண்டது. மணவூருக்கு மேலே ஓடும் கம்பியிலும் 25,000 வோல்ட் அழுத்தமே.

1,500 ஏன் 25,000 ஆயிற்று என்பதில்தான் ஜூலின் இருமடி வெளிப்படுகிறது. 5,000 குதிரைத்திறன் கொண்ட மின்எஞ்சின் ஒன்றுக்கு ஏறத்தாழ 37½ இலட்சம் வாட் தேவை. 25,000 வோல்ட்டில் அதற்கு 150 ஆம்பியர் போதும். 1,500 வோல்ட்டிலோ 2,500 ஆம்பியர் வேண்டும். தண்டவாளத்துக்கு மேலே செல்லும் தொடுகம்பி 107 சதுர மில்லிமீட்டர் பரப்புள்ள செம்பு. கிலோமீட்டருக்கு அதன் தடை ஏறத்தாழ 0.165 ஓம். முன்னதில் கிலோமீட்டருக்கு வீணாகும் திறன் 3,700 வாட். மூன்றரை இஸ்திரிப் பெட்டிகளின் சூடு. பின்னதில் பத்து இலட்சம் வாட்டுக்கும் மேல்; எஞ்சினின் தேவையில் கால் பங்குக்கும் அதிகம் ஒரே கிலோமீட்டரில் காற்றைச் சூடாக்கிக் கழியும். 1,500 வோல்ட்டில் 412 வோல்ட் அந்த ஒரு கிலோமீட்டரிலேயே தொலையும். மெல்லிய கம்பியை வைத்துக்கொண்டு இதனைச் சமாளிக்க இயலாது. கம்பியைத் தடிக்கச் செய்ய வேண்டும், மின்னூட்டு நிலையங்களை அடுத்தடுத்து அமைக்க வேண்டும். பழைய நேர்மின் பாதைகள் அவ்வாறே அமைந்தன. மாறுமின்னோட்டத்தில் தடையோடு வேறு சில எதிர்ப்புகளும் சேரும் என்பதால் மெய்யான கணக்கு இதனினும் சற்றுச் சிக்கலானது. ஆயினும் திசை இதுவே.

இதே கணக்குத்தான் நீலகிரியிலும் நடந்தது. 1927-இல் சென்னை மாகாண அரசு நீர்மின் துறையைத் தோற்றுவித்தது. பைக்காரா ஆற்றை ஏறத்தாழ 3,000 அடி உயரத்திலிருந்து குழாய் வழியே இறக்கி மின்னாக்கும் திட்டம் 1932-இல் இயங்கத் தொடங்கியது. மலையடியில் பிறந்த மின்னைக் கோவைச் சமவெளிக்குக் கொண்டுவர 66,000 வோல்ட் அழுத்தம் தேவைப்பட்டது. கோவைப் பஞ்சாலைகளின் பெருக்கம் அக்கம்பிகளைப் பின்தொடர்ந்தது. 1937-இல் மேட்டூரும், 1944-இல் பாபநாசமும் தொடர்ந்தன. 1957-இல் மின்சார வாரியம் உருவாயிற்று. திருத்தணி வட்டாரம் 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்த பின்னர் அம்மின்வலையின் வடகோடியாகவும் ஆயிற்று. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் எல்லைக்காக உழைத்த வரலாறு தனியே எழுதப்பட வேண்டியது. அது இங்கே அடங்காது.

யூனிட் என்று மக்கள் வழங்குவது 1,000 வாட் திறன் ஒரு மணி நேரம் செலவாகும் அளவு. வறண்ட எண்ணாகத் தோன்றும் இதற்காகத் தமிழகத்தில் குருதி சிந்தியிருக்கிறது. 5 குதிரைத்திறன் இறவை மோட்டார் எட்டு மணி நேரம் ஓடினால், மோட்டாரின் உள்இழப்பை விடுத்தாலும், 30 யூனிட் ஆகும். யூனிட்டுக்கு ஒரு பைசா என்றால் நாளுக்கு 30 பைசா. அந்த ஒரு பைசாவைக் குறைக்கக் கோரிய உழவர் கிளர்ச்சியில் 1970-ஆம் ஆண்டு பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூவர் மாண்டனர். 1990-க்குப் பின் உழவு மின்சாரம் அனைவர்க்கும் கட்டணமின்றி ஆயிற்று. அதன் பயனாகப் பெரும்பாலான கிணற்றடிகளில் மின்அளவியே இல்லாமல் போனது. கட்டணம் நீங்கியது நன்று. அளவும் சேர்ந்தே நீங்கியது நன்றெனச் சொல்லுவதற்கில்லை. உழக்கு நெய்யைக்கூட அளந்து வாங்கிய நாடு இது.

திருத்தணிக்கு மேற்கே அம்மையார்குப்பம், பொதட்டூர்ப்பேட்டை, ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பகுதிகளில் விசைத்தறியின் ஓசை கேட்கும். அங்கே குறைந்த அழுத்தம் என்பது பாடநூற் சொல் அன்று, கூலிக் குறைவு. 230 வோல்ட்டுக்குப் பதில் 180 வோல்ட் வந்தால் இழைவிளக்கின் திறன் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். மங்கல் ஒளியோடு போகும். மோட்டார் அப்படி அடங்குவதில்லை. சுமை குறையாதிருக்க, அழுத்தம் குறையுந்தோறும் அது மிகுதியான ஓட்டத்தை இழுக்கும். ஓட்டம் ஒன்றேகால் மடங்கானால் சுருளின் வெப்பம் ஒன்றரை மடங்குக்கும் மேல். மேலும் ஓட்டம் ஏற ஏறக் கம்பத்திலிருந்து வரும் கம்பியிலும் இழப்பு மிகும். ஆகவே அழுத்தம் இன்னும் குறையும். தெருவின் கடைசிக் கம்பத்தைச் சார்ந்த தறிக்காரர் சுருள் கருகிய மோட்டாரைத் தூக்கிக்கொண்டு கடைக்கு நடப்பதன் காரணம் இவ்விருமடியே.

உடலுக்கும் தடையுண்டு. உலர்ந்த தோல் பல்லாயிரம் ஓம் வரை தடுக்கும். நனைந்த தோலோடு உடலின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும். 230 வோல்ட்டை 1,000 ஓமால் வகுத்தால் 0.23 ஆம்பியர். நெஞ்சத் துடிப்பைக் குலைக்க அதில் பாதியும் வேண்டுவதில்லை. வீடுகளில் வைக்கும் உயிர்காப்புச் சாதனம் 0.03 ஆம்பியர் கசிந்தவுடனே இணைப்பைத் துண்டிப்பது இதனால்தான். தேர்த் தெருக்களின் மேலே செல்வதோ இதனினும் மிகப் பெரிய அழுத்தமுடைய கம்பி. 2022 ஏப்ரல் 27 அன்று விடியற்காலை, தஞ்சைக்கு அருகே களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேரின் உச்சி உயரழுத்தக் கம்பியில் பட்டது. சிறுவர் உட்படப் பதினொருவர் மாண்டனர். அப்பர் பதிகங்களைச் செம்பில் எழுதுவித்த மணவிற்கூத்தன் காலத்தில் தேர்வீதிக்கு மேலே வானமே இருந்தது. கம்பி இறங்கியோ தேர் உயர்ந்தோ சந்திக்கும் தெருக்களைப் பொறுத்தவரை, விழாவுக்கு முன்னர் மின்னிணைப்பைத் துண்டிக்கச் சொல்வது ஊரவர்க்கு உரிய கடமை மட்டுமன்று, உரிமையுமாகும்.

சொற்களின் கதை

அழுத்தம், ஓட்டம், தடை ஆகிய மூன்றுமே நீரிலிருந்து வந்த சொற்கள். ஏரிகள் நிறைந்த தொண்டை நாட்டார்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். ஏரியின் நீர்மட்ட உயரம் அழுத்தம். மதகு வழியே கால்வாயில் பாய்வது ஓட்டம். கால்வாயின் ஒடுக்கமும் அதில் முளைத்த கோரையும் தடை. மட்டம் உயர்ந்து பாய்ச்சலும் மிகுந்தால் கடைமடையில் சுழலும் சக்கரத்தின் திறன் மிகும். உவமைக்கு ஓர் எல்லையும் உண்டு. கால்வாய் உடைந்தால் நீர் வெளியே கொட்டும். கம்பி அறுந்தால் ஓட்டம் நின்றுவிடும். உவமையை ஓரடி கூடுதலாக நடத்தினால் அறிவியல் தடுமாறும் என்பது செய்யுள் செய்வார்க்குத் தெரிந்ததே.

இச்சொற்கள் ஒரே நாளில் அமைந்துவிடவில்லை. 1916-இல் சேலத்தில் இராசகோபாலாச்சாரியாரும் வெங்கட சுப்பையரும் அறிவியற் சொற்களைத் தமிழில் ஆக்கும் கழகமொன்றைத் தொடங்கினர். பொறியாளராயிருந்த பா.வே.மாணிக்க நாயக்கர், வேர்ச்சொற்களிலிருந்தே கலைச்சொல் படைக்க முடியும் என்று வாதிட்டார். 1938-இல் சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் கலைச்சொற் தொகுதியை வெளியிட்டது. வடசொல்லா, தமிழ்ச்சொல்லா, ஆங்கில ஒலிபெயர்ப்பா என்ற வழக்கு 1940-களில் மிகக் கடுமையாயிற்று. பின்னர் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாய் வந்த கலைக்களஞ்சியத்தின் முதன்மைப் பதிப்பாசிரியர் பெரியசாமித் தூரன் ஒரு கவிஞர். அறிவியலின் சொற்களைக் கவிஞர் காதால் ஒருமுறை கேட்டுப் பார்த்த காலம் அது; நல்ல காலம் என்றே சொல்ல வேண்டும்.

ஈழத்தில் வேறு வழி வகுத்தனர். தமிழகத்துப் பாடநூல் ‘ஆற்றல்’ என்பதை அங்கே ‘சக்தி’ என்பர். ‘திறன்’ என்பதை ‘வலு’ என்பர். ‘குதிரைத்திறன்’ அங்கே ‘குதிரைவலு’. ஓசையிலும் பொருளிலும் ‘வலு’ கைக்கு அடக்கமான சொல். ‘திறன்’ என்பதோ மாணவனின் திறன், பேச்சுத்திறன், திறனாய்வு எனப் பல வேலைகளில் ஏற்கெனவே அமர்ந்துவிட்டது. இரு நாட்டுச் சொற்களையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்கும் முயற்சி போதிய அளவு நடைபெறவில்லை.

தமிழகத்திலோ ‘மின்தடை’ என்ற சொல்லுக்கு நேர்ந்தது விந்தையானது. பாடநூலில் அது ஓமினால் அளக்கப்படும் இயல்பு. கம்பியில் எப்போதும் உள்ளது. அது உள்ளபோதும் மின் ஓடும். நாளிதழில் அதுவே மின்சாரம் நிறுத்தப்படும் பொழுது. அது உள்ளபோது மின் ஓடாது. ‘நாளை காலை 9 மணி முதல் மாலை வரை மின்தடை’ என்ற அறிவிப்பைப் படித்துவிட்டுப் பள்ளிக்குச் செல்லும் மாணவி, ‘மின்தடை 880 ஓம்’ என்று கரும்பலகையில் காண்கிறாள். பாடநூலார் தடை தரும் பொருளை ‘மின்தடையம்’, ‘மின்தடையாக்கி’ எனப் பிரித்து ஓரளவு காத்துக்கொண்டனர். இயல்பின் பெயரை விட்டுக்கொடுக்க அவர்களால் இயலாது. கணக்கு அதன்மேல் நிற்கிறது. எனவே விலக வேண்டியது அறிவிப்புப் பலகையின் வழக்கே. அதற்கு ‘மின்நிறுத்தம்’ என்ற சொல் ஏற்கெனவே சில நாளிதழ்களில் வழங்குகிறது. பற்றாக்குறையால் நிறுத்துவதற்கு ‘மின்வெட்டு’ என்ற சொல்லை மக்களே ஆக்கிக்கொண்டனர்.